கடல் கடக்காத நற்பெயர்

காத்தான்குடிக் கடைத்தெருவிலே கையிற் பணமின்றிச் செல்பவனும் வேண்டிய பொருளோடு வீடு திரும்பலாம். "இன்னாருடைய மகனல்லவா?" என்ற ஒரு சொல் போதும். தந்தை நாணயமாக நடந்திருந்தால் அது மகனுக்கும் செல்லுபடியாகும். இவ்வாறு முகங்கண்டு நம்பும் ஊரிலே வளர்ந்த நாம், முகமறியாத ஊரிலே மோட்டார்க் காப்புறுதி எடுத்துப் பட்ட பாட்டை இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

தொழிலின் பொருட்டுக் கட்டார் நாட்டின் தலைநகராகிய டோஹாவிலே சில ஆண்டுகள் வாழ்ந்தோம். அங்கு பழைய கார் ஒன்றை வாங்கினோம். மட்டக்களப்பு வீதியிலே பத்தாண்டுகள் கார் ஓட்டியும் ஒருமுறையேனும் நஷ்டஈடு கோராதவர் நாம். அத்தகையோருக்குக் காப்புறுதிக் கொம்பனிகள் கட்டணத்திலே கழிவு தருவது வழக்கம். அக்கழிவை அங்கும் கேட்டோம். எழுதுவினைஞர் புன்னகைத்தார். "அது உங்கள் நாட்டுக் கணக்கு, இங்கு நீங்கள் இன்று பிறந்த குழந்தை" என்றார். பத்தாண்டு நிதானம் ஒரு நொடியிலே கரைந்தது.

மனக்கசப்போடு, இருந்தவற்றுள் மலிவான பத்திரத்தைத் தெரிந்து, வாசியாமலே கையொப்பமிட்டோம். மூன்று மாதங்கூடச் செல்லவில்லை. ஒருநாள் விடியற்காலையிலே, வாசலில் நிறுத்தியிருந்த காரின் பக்கம் நசுங்கிக் கிடந்தது. மோதியவர் யாரென்று தெரியவில்லை. கராஜுக்குக் கொண்டு சென்றோம்; பொலிஸ் அறிக்கையின்றித் தொடமாட்டோம் என்றனர். அலைந்து அறிக்கையைப் பெற்றுக் காப்புறுதி அலுவலகத்துக்கு ஓடினோம். "உங்கள் பத்திரம் மூன்றாந் தரப்புக்கானது. நீங்கள் பிறருக்கு விளைத்த சேதத்துக்கே பணம் தருவோம், உங்கள் காருக்கன்று" என்றனர்.

ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் கராஜுக்குப் போயிற்று. அன்றிரவு மனைவியோடு தொலைபேசியிற் பேசியபோது காரைப்பற்றி வாய் திறக்கவில்லை. சம்பளம் தாமதமென்று பொய் கூறினோம்.

சினம் தணிந்த பின்னரே உண்மை விளங்கிற்று. மூன்றாந் தரப்புக் காப்புறுதி வாகனச் சொந்தக்காரருக்காகப் பிறந்ததன்று; வீதியிலே அடிபட்ட அயலாருக்காகப் பிறந்தது. மோதியவரிடம் பணமில்லை என்பதனால் அடிபட்டவர் கைவிடப்படலாகாது என்பதே அதன் நோக்கம். பிரித்தானியா 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தால் அதனைக் கட்டாயமாக்கிற்று. இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதனையே வேண்டுகின்றது. ஆகவே மலிவுப் பத்திரம் வஞ்சகமன்று. பிறரைக் காக்கும் கடதாசியை நம்மைக் காப்பதென்று எண்ணியதே நமது பிழை.

ஊர் மீண்டதும் மற்றோர் ஏமாற்றம் காத்திருந்தது. முன்னைய கழிவைத் தருமாறு இங்குள்ள கொம்பனியைக் கேட்டோம். "இடையிலே சில ஆண்டுகள் காப்புறுதி இருக்கவில்லை, பழைய கழிவு காலாவதியாகிவிட்டது" என்றனர். அக்கரையிலும் புதியவர், இக்கரையிலும் புதியவர்! பிறநாடு சென்று உழைப்போர் இழப்பவற்றுள் இதுவும் ஒன்று. பணத்தை அனுப்ப வங்கி உண்டு. நற்பெயரை அனுப்ப வங்கியில்லை.

ஆயினும் ஒருவழி உண்டு. பிறநாடு செல்லும் இளைஞர்கள், எத்தனை ஆண்டுகள் நஷ்டஈடு கோராது வாகனம் ஓட்டினர் என்பதை ஆங்கிலத்திலே எழுதிய கடிதமொன்றைத் தமது காப்புறுதிக் கொம்பனியிடம் பெற்றுச் செல்லவேண்டும். திரும்பும்போதும் அங்கிருந்து அவ்வாறே பெற்றுவரவேண்டும். அதனை எல்லாரும் ஏற்பர் என்பதற்கில்லை. எனினும் கடிதமில்லாதவர் கேட்கவும் இயலாது. கையொப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். யாருடைய சேதத்துக்குப் பணம் தருவீர்கள்? அதிலே முதற்பங்காக எம் கையாற் செலுத்தவேண்டியது எவ்வளவு? விபத்து நேர்ந்தால் எந்தெந்தப் பத்திரங்கள் வேண்டும்? வெட்கப்பட்டுக் கேளாது விடுபவர் பின்னர் வேதனைப்பட்டுக் கேட்க நேரும்.

சென்ற கிழமைதான் அப்பழைய பொய்யை மனைவியிடம் ஒப்புக்கொண்டோம். "கார் நசுங்கினதுக்கா பொய் சொன்னீங்க? உங்களுக்கு ஒண்டும் ஆகல்லியே, அது போதும்" என்றார். பத்தாண்டுக் கணக்கை ஏற்க மறுத்த உலகிலே, நம் கணக்கைக் கேளாமலே நம்பும் ஓரிடம் நமது வீடு. அங்கு பொய் கூறியதை எண்ணியே இன்று வெட்கமடைகின்றோம்.