உலகக் கையிருப்பும் யாழ்ப்பாணத்து உலையும்

"உலகத்தில அரிசி மலிஞ்சு கிடக்கு, யாழ்ப்பாணத்தான் ஏன் இன்னும் நெல்லு விதைச்சு நட்டப்படுறான்?" இந்தப் பேச்சு இப்போது படித்தவர்கள் வாயிலும் வருகிறது. 2025/26 பருவத்தில் உலக அரிசி உற்பத்தி 550 மில்லியன் தொன்னைத் தாண்டும் என்ற மதிப்பீட்டை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். கணக்குச் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை.

விளைவதில் பெரும்பகுதியை விளைத்த நாடுகளே தின்று தீர்க்கின்றன. கடல் தாண்டி விற்பனைக்கு வருவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதிலும் ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவின் கையில். 2023 ஜூலை 20இல் டெல்லி பாஸ்மதி அல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. அடுத்த மாதமே புழுங்கலுக்கு 20 சதவீத வரி போட்டது. அங்கே பஞ்சமா வந்தது? இல்லை. தேர்தல் நெருங்கும் நேரத்தில் உள்ளூர் விலை ஏறிவிடுமோ என்ற பயம். வெள்ளையரிசித் தடை நீங்கப் பதினான்கு மாதம் சென்றது.

உலக விலை விழுந்தால் சுன்னாகம் சந்தையிலும் விழும் என்பதும் நடக்கிற காரியமில்லை. 2024 டிசம்பர்த் தட்டுப்பாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அரிசி இறக்க இலங்கை அரசு வழிவிட்டது. கிலோவுக்கு 65 ரூபாய் வரியை மட்டும் விடவில்லை. அப்போது குறித்த கட்டுப்பாட்டு விலை: இறக்குமதி நாட்டரிசி 220 ரூபாய், உள்ளூர் நாட்டரிசி 230 ரூபாய். பத்து ரூபாய் வித்தியாசத்துக்கா வயலைத் தரிசாக விடுவது? 2006 ஓகஸ்டில் குடாநாட்டுக்கு வரும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு ஒரு கிலோ அரிசிக்கு வரிசையில் நின்ற சனத்திடம் உலகக் கையிருப்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.

"வேறு பயிர் செய்யலாமே" என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் முழங்காலளவு வெள்ளம் நிற்கும் பள்ளக்காணியில் வெங்காயம் நட்டால் அழுகித்தான் போகும். அந்த மாதங்களில் அங்கே நிற்கக்கூடிய பயிர் நெல். தென்மராட்சியிலும் வலிகாமத்திலும் வரம்பு கட்டி மறித்த மழைத்தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்குகிறது; கோடையில் தோட்டக் கிணறுகள் இறைக்கும் நன்னீர் இப்படி இறங்கிய மழைதான். ஆறில்லாத குடாநாட்டுக்கு வேறு தண்ணீர் எங்கிருந்து வரும்? (வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது.) மாட்டுக்கு வைக்கல் வேறு. இவையொன்றும் உற்பத்தி மதிப்பீட்டில் வராது.

நட்டம் என்பதை மட்டும் மறுக்கமாட்டேன். ஆனால் அதற்குக் காரணம் தாய்லாந்து விலையல்ல. 2025 பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தல் சபை நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் அறிவித்தது, 14 சதவீத ஈரப்பதன் என்ற நிபந்தனையோடு. அறுவடை மிசின் கொட்டும் நெல் அவ்வளவு காய்ந்திருப்பதில்லை. காயவிடத் தளம் இல்லாதவன் தார்ரோட்டு ஓரத்தில் படங்கை விரிக்கிறான். மாசி மழை இருட்டினால், வயற்கரையில் லொறியோடு நிற்கும் வியாபாரி சொன்ன விலைக்கே ஈரநெல்லைக் கொடுத்துவிடுகிறான். கமக்காரர் அமைப்புக்கு ஒரு காயவைக்கும் தளமும் களஞ்சியமும் போட்டுக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு நட்டக் கணக்கைப் பார்க்கட்டும்.