ஆத்துல எவ்வளவு இடம் மிச்சம்?

மழைக்காலம் வந்தாலே நம்ம வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான்: செம்பரம்பாக்கத்துல எத்தனை கன அடி திறந்திருக்காங்க? 2015 டிசம்பரில் அந்த எண் 29,000-ஐத் தொட்டது. மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர, சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. ஆனால் நாம கேட்காத இன்னொரு எண் இருக்கு. இன்றைய தேதியில் அடையாறு எவ்வளவு தாங்கும்?

அந்த எண் நிலையானது இல்லை என்பது எனக்குப் புரிந்தது ஒரு எரிமலையைப் பற்றிப் படித்தபோதுதான். 1980 மே 18-ல் அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தது. சாம்பலும் மண்ணும் உருகிய பனியோடு கலந்து சேறாகி ஆறுகளில் இறங்கியது. காசில் ராக் என்ற ஊரில் கௌலிட்ஸ் ஆறு அதுவரை வினாடிக்குச் சுமார் 76,000 கன அடி தாங்கியது. சேறு படிந்த பிறகு 15,000 கூடத் தாங்காது! அதாவது, பழைய அளவு மழை பெய்தாலே ஊருக்குள் வெள்ளம். மலையிலிருந்து மண் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்ததால், அதைத் தடுக்கவே 1989-ல் ஒரு தனி அணை கட்டி முடித்தார்கள்.

நமக்கு எரிமலை கிடையாது. ஆனா மண் வருது. கடலோர நீரோட்டம் மணலை வடக்கே தள்ளிக்கொண்டே இருக்கு. மழை நின்று ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் முகத்துவாரத்தில் மணல்திட்டு வளருது. உடைந்த பாலம் பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். கரையோரம் கொட்டும் கட்டட இடிபாடுகள் வேறு. மழைக்கு முன்னாடி பொக்லைன் இறங்கும், போட்டோ வரும். அடுத்த வருஷம் அதே இடத்தில் அதே பொக்லைன்.

தூர்வார வேண்டாம்னு சொல்லலை. எத்தனை லோடு அள்ளினோம் என்பதைவிட, அள்ளிய பிறகு ஆழமும் அகலமும் எவ்வளவு என்பதுதான் கணக்கு. நம்ம எக்ஸாமில் குறுக்குவெட்டு அளவு கேள்வியிலேயே இருக்கும், மானிங் சூத்திரத்தில் போட்டால் மார்க். நிஜ ஆற்றில் அந்த அளவுதான் ஒவ்வொரு மழைக்கும் மாறுது.

அதனால் என் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் பின்பும் ஆற்றை அளந்து, எந்தப் பாலத்தடியில் எத்தனை கன அடி போகும் என்று, ஏரி நீர்மட்டம் மாதிரியே வெளியிடணும். திறக்கிற எண் மட்டும் தெரிந்து, தாங்குகிற எண் தெரியாவிட்டால், கோட்டூர்புரத்தில் இருப்பவர் எப்போ வீட்டைக் காலி பண்ணணும்னு எப்படி முடிவு பண்ணுவார்?