இரண்டு வெண்மைகளும் முதியவர் கண்ணும்

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் சில குடும்பங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் தொடங்கிவிடுகின்றன. பெரியவர் திரும்பும்போது அறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற அன்பே அதற்குக் காரணம். ஆனால் பால் வெண்மையா, தந்த வெண்மையா என்ற விவாதத்திலேயே நாட்கள் கழிந்துவிடுகின்றன.

எந்த வெண்மையாயினும் நன்றே என்பது எங்கள் கருத்து. முதுமையில் கண்ணின் வில்லை மெல்ல மஞ்சளாகி, நீல ஒளியைத் தடுத்துவிடுகிறது. ஆகவே நீலச் சாயல் கொண்ட வெண்மையும் மஞ்சள் சாயல் கொண்ட வெண்மையும் புரை முற்றிய கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஒரு கண்ணில் மட்டும் சிகிச்சை முடிந்தவர் இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால், ஒரே சுவர் ஒரு கண்ணுக்குத் தூய வெண்மையாகவும் மறு கண்ணுக்குப் பழுப்பாகவும் தோன்றக்கூடும். இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. 1923இல் சிகிச்சை பெற்ற பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனேயும் நிறங்கள் மாறித் தெரிவதாகக் குறைபட்டுக்கொண்டார்.

ஒளியும் நிறத்தை மாற்றும். இராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் அடிவாரத்தை ஒட்டிய வீடுகளில் மாலை வெயிலை மலை முன்னதாகவே மறைத்துவிடுகிறது. கடையின் விளக்கொளியில் பிடித்த நிறம் அங்கே மங்கித் தோன்றலாம். ஆதலால் இரண்டையும் சுவரில் சிறிதளவு பூசி, காலையிலும் மாலையிலும் மின்விளக்கிலும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பளபளக்கும் பூச்சு கண்ணைக் கூசச் செய்யும். மேட் பூச்சே ஏற்றது.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. சுவர், கதவுச் சட்டம், சுவிட்சு, கைப்பிடி, கழிப்பறைக் கோப்பை யாவும் வெண்மையாக இருப்பின், பார்வை மங்கியவருக்கு ஒன்றிலிருந்து மற்றொன்று பிரிந்து தெரிவதில்லை. நள்ளிரவில் கைப்பிடியைத் தேடித் துழாவும் கை வெற்றுச் சுவரில் வழுக்குகிறது. அப்படி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர் பலர் மீண்டும் பழையபடி நடப்பதில்லை.

எனவே வெண்மையுடன் அடர்நிறப் பெயிண்டும் ஒரு சிறு டப்பா வாங்குங்கள். கதவுச் சட்டம், படியின் விளிம்பு, கைப்பிடி ஆகியவற்றுக்கு அதைப் பூசுங்கள். சுரண்டல், தேய்ப்பு வேலைகள் அனைத்தையும் சிகிச்சைக்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்தத் தூசி ஆறிவரும் கண்ணில் படலாகாது. பெரியவர் நடமாடும் வழி அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால், சுவர் எந்த வெண்மையாக இருந்தாலும் குறையில்லை.