நெக்காவிலிருந்து ஆரம்பிப்போம்

சென்ற மாதம் எங்கள் வாசிப்புக் குழுவில் சினுவா ஆச்சிபியின் 'சிதைவுகள்' பற்றிப் பேசினோம். 1958இல் ஆங்கிலத்தில் வந்த நைஜீரிய நாவல். பேசிய எல்லாரும் ஒரே பாட்டுதான்: அழகான இபோ பண்பாடு இருந்தது, வெள்ளைக்காரன் வந்தான், எல்லாம் போச்சு. இரண்டு மணி நேர ஒப்பாரி. எனக்கு எரிச்சலாக இருந்தது. நாமெல்லாம் படித்தது ஒரே நாவல்தானா?

தேவாலயத்துக்கு முதலில் போனவர்கள் யார் என்று பாருங்கள். இரட்டைக் குழந்தைகள் பிறந்தால் காட்டில் வீசிவிடுவது அங்கே வழக்கம். நான்கு முறை இரட்டைப் பிள்ளை பெற்று, நான்கு முறையும் பறிகொடுத்த நெக்கா, மீண்டும் கர்ப்பமாக இருக்கும்போது அங்கே போகிறாள். சாமிக்கு நேர்ந்துவிடப்பட்டு, ஊரோடு கலக்கக்கூடாது, முடிகூட வெட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஓசு மக்கள் போகிறார்கள். ஒகொன்க்வோவின் மகன் நுவோயே போகிறான். வீட்டில் மூன்று வருடம் அண்ணனாக இருந்த இகெமெஃபுனாவை ஊர் கொன்றது, அப்பாவே வெட்டினார் என்பதை அவனால் மறக்க முடியவில்லை. இவர்களிடம் போய் 'பண்பாடு அழியுதே' என்று அழ முடியுமா?

உடனே ஒருவர் கேட்டார்: "அப்போ காலனியம் நல்லதுன்னு சொல்றீங்களா?"

இல்லைங்க. அபாமே மக்களைச் சந்தை நாளில் சுட்டுத் தள்ளியவர்கள் அவர்கள். பேச வரச்சொல்லி ஆறு தலைவர்களுக்கு விலங்கு மாட்டி, 200 மூட்டை சோழி அபராதம் போட்டார்கள். நீதிமன்றச் சேவகர்கள் ஊரிடம் 250 என்று சொல்லி, மிச்சத்தை அமுக்கிக்கொண்டார்கள். அது பச்சைக் கொள்ளை.

நான் கட்டுமானப் பொறியாளன். சுவர் விழுந்தால் யார் இடித்தது என்று கேட்போம். விரிசல் எங்கே இருந்தது என்றும் கேட்போம். இரண்டாவது கேள்வியைக் கேட்பதால் இடித்தவன் நல்லவனாகிவிட மாட்டான்.

'கடவுளின் அம்பு' என்று பொருள்படும் தலைப்பில் ஆச்சிபி 1964இல் எழுதிய நாவலையும் பாருங்கள். வெள்ளை அதிகாரி தர வந்த தலைவர் பதவியைப் பூசாரி எசெயுலு மறுக்கிறார், சிறையில் வைக்கிறார்கள். அதனால் பிறைதோறும் உண்ணவேண்டிய புனிதக் கிழங்குகள் மிஞ்சிவிடுகின்றன. வெளியே வந்தவர், அவை தீரும்வரை புதுக்கிழங்கு விழாவை அறிவிக்க மாட்டேன் என்கிறார். விழா இல்லாமல் அறுவடை இல்லை. கிழங்கு மண்ணிலேயே கெட, ஊர் பட்டினி கிடக்கிறது. 'எங்கள் கடவுளுக்குப் படைத்துவிட்டு அறுவடை செய்யுங்கள்' என்கிறது தேவாலயம். ஊர் போகிறது. சிறை வெள்ளைக்காரனுடையது, பிடிவாதம் பூசாரியுடையது. இரண்டையும் சேர்த்துத்தான் ஆச்சிபி எழுதினார்.

'சிதைவுகள்' முடிவில் மாவட்ட அதிகாரி, ஒகொன்க்வோவின் வாழ்க்கையைத் தன் புத்தகத்தில் ஒரு பத்திக்குள் அடக்கலாம் என்று நினைக்கிறான். அவனைத் திட்டுகிறோம். நாம் மட்டும் என்ன செய்தோம்? ஒரு சமூகத்தையே 'பாவம், அப்பாவிகள்' என்று ஒரு வரிக்குள் அடக்கிவிட்டோம்.

அடுத்த முறை இந்த நாவலைப் பேசினால் நெக்காவிலிருந்து ஆரம்பிப்போம்.