வீக்கம் வடிந்தால் போதுமா, அண்ணாச்சி?

“அண்ணாச்சி, போன தடவை குடுத்தீங்களே... அந்தக் குட்டி வெள்ளை மாத்திரை. அதுல ஒரு அஞ்சு குடுங்க!”

நெல்லை ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ மருந்துக் கடைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், இந்த வசனம் காதில் விழும். கையில் சீட்டு கிடையாது. மாத்திரையின் பெயரும் தெரியாது. கேட்டால், ‘வீக்க மாத்திரை’. நிஜப் பெயர் பல சமயம் ஸ்டீராய்டு!

ஸ்டீராய்டைக் கண்டு பதறச் சொல்லவில்லை. ஞானப்பல் எலும்புக்குள் குறுக்கே படுத்துக் கிடந்தால், ஈறைக் கீறி, எலும்பைச் செதுக்கித்தான் எடுக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாள் கன்னம் உப்பிவிடும். அல்வாவை நீட்டினாலும் வாய் திறக்காது. ஆபரேஷனை ஒட்டி டாக்டர் ஒரே ஒரு தடவை டெக்ஸாமெத்தசோன் 4 அல்லது 8 மில்லிகிராம் கொடுத்தால், வீக்கம் குறையும். வாயும் சீக்கிரம் திறக்கும். நல்ல விஷயம்தான்.

ஆனால், எப்படிக் குறைகிறது? காயத்தை நோக்கி ஓடிவரும் உடம்பின் காவல்படையை, ‘பொறுங்கப்பா’ என்று அந்த மருந்து தடுத்து நிறுத்துகிறது. ஒரு வேளைக்குச் சரி. உள்ளே சீழ் பிடித்திருக்கும்போது காவல்காரனைக் கட்டிப்போட்டால்?

அம்பாசமுத்திரத்தில் என் சொந்தக்காரர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. சர்க்கரைக்காரர். பல் எடுத்த ஐந்தாம் நாள் வடிந்த வீக்கம் திரும்பி வந்தது, காய்ச்சலோடு. டாக்டரிடம் போகாமல் பழைய அட்டையைக் காட்டி மாத்திரை வாங்கிப் போட்டார். கன்னம் கொஞ்சம் அமுங்கியது. சர்க்கரை எகிறியது. சீழ் கழுத்துக்கு இறங்கியது. மூச்சு முட்ட, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது புண்ணியம்.

இதே டெக்ஸாமெத்தசோன்தான், ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காக்கிறது என்று 2020-ல் இங்கிலாந்தில் நிரூபித்தார்கள். மறு வருஷமே நம் நாட்டில் கரும்பூஞ்சை வந்தது. கட்டுப்படாத சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்புகளில் அது கண்ணையும் தாடையையும் தின்றது. மருந்து ஒன்றுதான், கொடுத்த விதம்தான் வேறு. அந்தப் பாடத்தை அதற்குள் மறந்துவிட்டோமா?

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் இருக்கிற மருந்து இது. சட்டம் காகிதத்தில் தூங்குகிறது. என்ன மாத்திரை என்று சொல்லாத டாக்டர், சீட்டு கேட்காத கடைக்காரர், அட்டையைப் பத்திரப்படுத்தி பக்கத்து வீட்டுக்கும் தானம் செய்கிற நாம்... மூன்று பேருமே குற்றவாளிகள்தான்.

பல் டாக்டரிடம் வாய் திறப்பதற்கு முன்னால், கொஞ்சம் வாய் திறந்து கேளுங்கள்: “இதில் ஸ்டீராய்டு இருக்கா? எத்தனை வேளை? எனக்குச் சர்க்கரை இருக்கே, பரவாயில்லையா?” மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, போக வேண்டிய இடம் மருந்துக் கடை அல்ல.

“சீட்டு இல்லாமத் தர மாட்டேன்” என்று எந்தக் கடைக்கார அண்ணாச்சியாவது சொன்னால் தயவுசெய்து கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகாதீர்கள். உங்கள் மேல் அக்கறை உள்ள மனுஷன் அவர்தான்!