கல்வெட்டோடு முடிந்துவிடுவதா நம் தர்மம்?

சிற்றூர் ஒன்றில் ஆழ்துளைக் கிணறு தோண்டப்படுகிறது. பள்ளிவாசல் வளாகத்தில் மேல்நிலைத் தொட்டி எழும்புகிறது. தம் பெற்றோரின் மறுமை நன்மைக்காக அதனை வழங்கியவரின் பெயர் சலவைக்கல்லில் பொறிக்கப்படுகிறது. ஜும்ஆவுக்குப் பின் துஆ ஓதித் திறந்து வைக்கிறோம். அன்றோடு சரி. அதன் பிறகு அத்தொட்டிக்குள் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தத் தண்ணீர் ஒரு முறையேனும் ஆய்வகத்திற்குச் சென்றதுண்டா என்று வினவினால், நிர்வாகிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். ஸதகத்துல் ஜாரியா என்று நாம் பெருமிதம் கொள்ளும் அறத்தின் நிலை நம் ஊர்கள் பலவற்றில் இதுதான்.

நீர் வழங்குவதன் சிறப்பை நம் சமுதாயத்திற்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மறைந்த தம் தாயாருக்காகச் செய்யத்தக்க சிறந்த தர்மம் எதுவென ஸஅத் பின் உபாதா (ரலி) அவர்கள் கேட்டபோது, தண்ணீர் என்றே நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவின் ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு அர்ப்பணித்தார்கள். இவை மிம்பர்களில் நாம் அடிக்கடி கேட்பவை. ஆனால் தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தவர்களும், இரவில் பாத்திரங்களை மூடிவைக்கவும் தோல்பைகளின் வாயைக் கட்டிவைக்கவும் கட்டளையிட்டவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். நீரை வழங்குவது கடமையின் ஒரு பாதி. அதைக் காப்பது மறுபாதி. முதற்பாதியைக் கல்லில் பொறித்த நாம் மறுபாதியைக் கைவிட்டோம்.

இதைச் சுட்டிக்காட்டினால் எழும் முதல் மறுமொழி, ‘நிறமோ சுவையோ வாடையோ மாறவில்லை, மார்க்கப்படி சுத்தமான தண்ணீர்தானே’ என்பது. ஃபிக்ஹு நூல்கள் கூறும் இந்த அளவுகோல், நீர் ஒளூவுக்குத் தகுதியானதா என்பதற்கு உரியது. அதைப் பருகும் குழந்தைக்கு நோய் வருமா என்பது வேறு கேள்வி. மலக்குழியிலிருந்து கசிந்து வரும் ஈ.கோலை கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காய்ச்சினாலும் அது போகாது. பற்களில் கறையாகவும் எலும்புகளில் ஊனமாகவும் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அது தன்னைக் காட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டதற்கு இந்த ஃப்ளோரைடே முதன்மைக் காரணம்.

குடிநீருக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 10500 என்னும் அளவுகோல் உண்டு. அதன்படி 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை ஒன்றுகூடத் தென்படலாகாது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீராதாரமே இல்லாதபோதுதான் 1.5 வரை அனுமதி. நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது. இவற்றைக் கண்ணும் நாக்கும் கண்டறிய இயலாது, ஆய்வகத்தால்தான் இயலும்.

இரண்டாவது மறுமொழி, ‘குளோரின் வாடை பிடிக்கவில்லை’ என்பது. 1000 லிட்டர் தண்ணீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். அதைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த கரைசலைத் தொட்டியில் சேர்த்து, அரைமணி நேரம் கழித்தே நீரைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். திறந்த மூட்டையில் மாதக்கணக்கில் கிடந்த பவுடர் வீரியம் இழந்துவிடும்; அதைப் போடுவது வெறும் சடங்கு. மெல்லிய வாடைக்கு முகம் சுளிக்கும் நாம், அந்த வாடை இல்லாத நீரில் என்ன இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்க்க மறுக்கிறோம்.

வீடுகளில் இருக்கும் நாமும் குற்றத்திலிருந்து தப்பியவர்கள் அல்லர். தெருக்குழாயில் நேரடியாக மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறோம். அது அடுத்த வீட்டாரின் பங்கைப் பறிப்பது மட்டுமன்று. விரிசல் விட்ட குழாய் வழியே சாக்கடை நீரையும் உள்ளே இழுப்பது. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற மார்க்க நெறியைத் தொழுகையின் ஸஃப்பில் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மோட்டார் சுவிட்சைத் தட்டுவது எவ்வகை நியாயம்?

மூன்றாவது மறுமொழி, ‘இது அரசின் வேலை’ என்பது. ஊராட்சித் தொட்டிக்கு ஊராட்சியே பொறுப்பு என்பது உண்மை. எனில், கிராமசபைக்குச் சென்று பரிசோதனை முடிவைக் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? ஜமாஅத் தானே தோண்டி, தானே விநியோகிக்கும் நீருக்கு ஜமாஅத்தே பொறுப்பாளி. ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்ற நபிமொழியிலிருந்து முத்தவல்லிக்கும் செயலாளருக்கும் விலக்கு இல்லை.

செலவு என்ற சாக்கும் எடுபடாது. ஒரு வலீமா விருந்தின் செலவில் பல ஆண்டுகளுக்குப் பரிசோதனை செய்துவிடலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்களும் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம்.

நாம் வேண்டுவது இதுவே. ஒவ்வொரு மஹல்லாவிலும் தண்ணீருக்கென ஒரு பதிவேடும், பெயர் சொல்லிக் கேட்கத்தக்க ஒரு பொறுப்பாளரும் இருக்க வேண்டும். மாதம் இருமுறை தொட்டியைக் கழுவி, அந்தத் தேதியை அதன் மீதே எழுத வேண்டும். மழைக்காலத்திற்கு முன்பும் பின்பும் நீர் ஆய்வகத்திற்குச் செல்ல வேண்டும். குளோரினைச் சோதிக்கும் எளிய பெட்டியை நம் சகோதரிகளிடம் ஒப்படைக்கலாம். குடத்தை நிரப்புபவர்கள் அவர்களே. சந்தாக் கணக்கை வாசிப்பது போலவே, நீரின் பரிசோதனை முடிவையும் ஜும்ஆவுக்குப் பின் வாசிக்க வேண்டும். முடிவு பாதகமாயின் அதை மறைக்காமல் அறிவித்து, சரியாகும் வரை மாற்று நீர் வழங்க வேண்டும்.

இனி ஒருவர் கிணறு தோண்டித் தர முன்வந்தால், அதன் பராமரிப்புக்கும் பரிசோதனைக்கும் சேர்த்தே வழங்குமாறு கேட்போம். நோயைச் சுமந்து செல்லும் நீரால் மண்ணறையில் இருப்பவருக்கு நன்மை எவ்வாறு சென்று சேரும்?

தண்ணீர் என்னும் அமானிதத்தைப் பேணுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.