ஷோகேஸில் சாகும் கேமராக்கள்

பல வருடம் யார் கையும் படாமல் கிடந்த ஃபிலிம் கேமரா ஒன்றை எடுத்து, வேகத்தை 1 நொடிக்குத் திருப்பி வைத்து, ஷட்டரை அழுத்திப் பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் கேமராவில் உள்ளே சின்னஞ்சிறு பல்சக்கரங்கள் ‘சர்ர்’ரென்று ஓடி, நொடி முடிந்ததும் ‘டக்’கென்று மூடும். கிடப்பில் போட்ட கேமராவில் அந்தச் சத்தம் பாதியில் இழுத்துக்கொண்டு நின்றுவிடும். சிலவற்றில் திறந்த ஷட்டர் மூடவே மூடாது. பெரும்பாலும் உள்ளே எதுவும் உடைந்திருக்காது. என்றோ விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அவ்வளவுதான். பழைய கேமரா சேகரிப்பவர்கள் எல்லோரும் இந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஓடாத கேமராக்களைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, அவற்றைப் பாதுகாத்துவிட்டதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அந்த அலமாரியே அவற்றைக் கொல்கிறது. பழுது பார்க்கவும் படம் எடுக்கவும் செய்கிற கைதான் கேமராவைக் காப்பாற்றுகிறது என்பது என் உறுதியான கருத்து.

நம் ஊர்க் காற்றே இதற்குச் சாட்சி. கடலோர நகரங்களில் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். இருட்டு, ஈரம், காற்றோட்டமில்லாத பெட்டி ஆகிய மூன்றும் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். முதலில் சிலந்தி நூல் போல ஓரத்தில் படரும். அப்போதே துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் பூஞ்சை கக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரித்துவிடும். அழகுக்காகக் கேமராவோடு பூட்டி வைக்கும் தோல் உறையும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பின்கதவில் வெளிச்சம் புகாமல் ஒட்டிய நுரைப்பஞ்சு, தொட்டால் விரலில் ஒட்டும் கரிப்பிசினாக உருகிவிடும். ஆசாஹி பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. லென்ஸ் இதற்கு இன்னொரு உதாரணம். அதன் பெரும்பாலான பிரதிகளில் ஒரு கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால், இருட்டில் கிடக்கக் கிடக்கத் தேன் நிறத்துக்கு மாறிவிடும். சில வாரம் வெயில் படும் ஜன்னலில் வைத்தால் மஞ்சள் மெல்ல வடிந்து கண்ணாடி தெளியும். அந்த லென்ஸுக்கு அலமாரிதான் நோய், வெயில்தான் மருந்து.

இரும்பையும் கண்ணாடியையும் விட வேகமாக அழிந்து வருவது கைப்பழக்கம். 2022 டிசம்பரில் பென்டாக்ஸ் நிறுவனம் மறுபடி ஃபிலிம் கேமரா செய்யப் போவதாக அறிவித்தது. ஃபிலிமைக் கையால் இழுத்து நகர்த்தும் அந்தச் சாதாரண லீவரைச் செய்ய, பழைய பொறியாளர்களின் அனுபவத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. 2024இல் பென்டாக்ஸ் 17 வெளிவந்தது. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் கேமரா செய்து தள்ளிய நிறுவனத்துக்கே இந்த நிலை. நம்மிடமும் ஓர் உதாரணம் உண்டு. 1960இல் தொடங்கிய உதகை ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. அந்த ஆலை இன்று இல்லை. இருட்டறையில் ஃபிலிம் மேல் பூச்சுப் பூசத் தெரிந்த கைகளும் அதோடு கலைந்து போயின. ஃபிலிம் ஆலையை வீட்டில் நடத்த முடியாது. கேமரா மெக்கானிக்கின் வேலை அப்படியல்ல. ஒரு மேசையும் விளக்கும் பொறுமையும் இருந்தால் கற்றுக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கற்றுக்கொடுக்கலாம்.

“கை வைத்தால் அதன் அசல் தன்மை போய்விடாதா?” என்று சேகரிப்பாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. லைக்காவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக் தாமே வைத்திருந்த 0-வரிசைக் கேமரா 2022இல் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அப்படிப்பட்ட ஒன்றில் யாரும் திருப்புளி வைக்கக் கூடாது, வைக்கவும் தேவையில்லை. ஆனால் நம் வீடுகளில் இருப்பவை அந்த ரகம் அல்ல. பென்டாக்ஸ் கே1000 மட்டும் 30 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அத்தகைய கேமராவில் காய்ந்த கிரீஸைத் துடைத்துப் புதிதாக இடுவதால் எந்த வரலாறும் அழியாது. கழற்றிய பழைய பாகத்தை ஒரு உறையில் போட்டு, தேதி எழுதிக் கூடவே வைத்துவிட்டால் போதும்.

அனுபவமில்லாதவர்கள் கெடுத்துவிடுவார்கள் என்ற பயம் இதைவிட வலுவானது. அதை நான் மறுக்க மாட்டேன். பழைய ஜப்பானியக் கேமராக்களின் திருகாணித் தலையில் இருக்கும் கூட்டல் குறி, நாம் ‘ஸ்டார்’ என்று சொல்லும் சாதாரணத் திருப்புளிக்குப் பொருந்துவது போலத் தெரியும். திருகினால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். அதற்கென்று ஜப்பானிய அளவுத் திருப்புளி தனியாக உண்டு. பேட்டரியிலும் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது. 1970களில் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-1இன் ஒளிமானி 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தது. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரியைக் கைவிட்டார்கள். அதற்குப் பதில் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் ஒளிமானி தப்பாகக் காட்டும். காதுகேள் கருவியில் போடும் துத்தநாக-காற்று பேட்டரி ஏறக்குறைய சரியான மின்னழுத்தம் தரும். இவை தெரியாமல் கை வைப்பதுதான் ஆபத்து. தெரிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காராமல், கேமரா விலையை மட்டும் விசாரித்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

ஃபிலிம் விலை அதிகம், ஃபிலிம் கழுவும் ரசாயனம் மண்ணைக் கெடுக்கும், கைபேசியே நன்றாகப் படம் எடுக்கிறது என்ற வாதங்களும் உண்டு. விலை உண்மைதான்; மாதம் ஒரு ரோல் ஓட்டினாலே கேமராவின் உடம்புக்குப் போதும். படம் எடுக்காத நாளில் ரோல் இல்லாமலேயே எல்லா வேகத்திலும் ஷட்டரை ஓட விடலாம், காசு செலவில்லை. ஃபிலிம் கழுவப் பயன்படுத்திய ஃபிக்ஸர் ரசாயனத்தில் வெள்ளி கரைந்திருக்கும்; அதைச் சாக்கடையில் கொட்டுவது தவறு என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதைச் சேர்த்து வைத்து வெள்ளி பிரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். கைபேசியோடு போட்டி போடுவதாக யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் ஒரு பொருளைத் திறந்து, கெட்டதைக் கண்டுபிடித்து, மூடி, மறுபடி ஓட வைக்கும் வாய்ப்பை ஒட்டி மூடிய கைபேசி தருவதில்லை. 1980, 90களின் மின்னணுக் கேமராக்களே இந்த விஷயத்தில் கைபேசியின் அண்ணன்கள்தான். சர்க்கியூட் போனால் பெரும்பாலும் போனதுதான். அவற்றை உதிரி பாகத்துக்காக வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர் லைக்காவில் தொடங்க வேண்டாம். வதோதராவில் தயாராகி, நம் ஊர்க் குடும்பங்கள் பலவற்றில் புழங்கிய அக்ஃபா கிளிக் III போதும். 120 ஃபிலிமில் 12 சதுரப் படம், வெயிலுக்கு ஒன்று மேகத்துக்கு ஒன்று என்ற அமைப்பு, உள்ளே எளிய ஸ்பிரிங் ஷட்டர். அவ்வளவே அதன் சூட்சுமம். கீழே வெள்ளைத் துணி விரித்து, கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் இடமிருந்து வலமாக வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டால், மாலைக்குள் அது மறுபடி ‘கிளிக்’ சொல்லும்.